ரோட்டோரத்துப் பாதி

உக்காரு கண்ணு, உக்காரு. பையைக் குடு, நான் மடில வெச்சுக்கறேன். அது முறுக்கு, நொறுங்கினா நொறுங்கட்டும், பேரனுக்குப் பல்லு மொளைக்கலை. திருப்பூருக்கா? நானும் அங்கதான் போறேன். அங்கிருந்து கோபி பஸ்ஸு மாறோணும், மகளூட்டுக்கு. பனியன் கம்பெனில வேலையா? நெனச்சேன், கழுத்துல அட்டை தொங்குதே.

ஜன்னல்ல பாரு, அந்த மக்காச்சோளக் காட்டைப் பாரு. என்னமா நிக்குது! ஒரு இலைல ஒரு பொட்டு கெடையாது. எனக்கு இப்புடி ஒரு காட்டைப் பாத்தா வயிறு எரியுது கண்ணு. பொறாமையில்ல, எனக்கெதுக்குப் பொறாமை? எங்க காடும் இப்புடி நிக்க வேண்டியதுதான். நிக்க உடலையே! நல்லா இருக்கற காட்டைப் புடிச்சு, நோயை எங்கிருந்தோ கொண்டாந்து, குருத்து குருத்தாப் போட்டு, பயிரு கருகுதான்னு பாத்துப் பாத்து சந்தோசப்படற ஆளை நீ கண்டிருக்கறயா? நான் கண்டிருக்கறேன். அந்த ஆளுக்கு என்ற கையால சோறும் போட்டிருக்கறேன்.

சொல்றேன் கேளு. அந்தப் போனை உள்ள வெய்யி, திருப்பூர் வர்ற வரைக்கும் அது எங்கயும் போயிராது.

எங்கூரு உடுமலைக்கு அக்கட்டால. வாய்க்காலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவால எங்க காடு. ரோட்டை ஒட்டியே இருக்குது, பஸ் ஸ்டாப்பே எங்க வரப்போரத்துலதான். பஸ்ஸுக்கு நிக்கறவங்க வேற என்னத்தைப் பாப்பாங்க? எங்க வெள்ளாமையத்தான் பாப்பாங்க. நல்லா இருந்தா ஒரு பழமை பேசுவாங்க, இல்லைன்னா ஒம்பது பழமை.

போன வருசம் ஆவணில ஒரு புள்ள ஸ்கூட்டர்ல வந்து எறங்குச்சு. தலைல தொப்பி, கால்ல பூட்ஸு. ஜெசிந்தான்னு பேரு, நாகர்கோயில் பக்கமாம். மக்காச்சோள ஆராய்ச்சிப் பண்ணைல டாக்டரு. ஊசி போடற டாக்டரில்ல, பயிருக்குப் படிச்ச டாக்டரு. ஊசி போடறதில்லைன்னா சொன்னேன்? போடும் போடும், அதை அப்பறம் சொல்றேன். வந்த புள்ள வரப்புல நின்னு அப்புடியும் இப்புடியும் பாத்துட்டு, மொகமெல்லாம் சிரிப்பா என்ன சொல்லுச்சு தெரியுமா? “அம்மா, நாங்க சுத்துவட்டாரம் முழுக்கப் பாத்தாச்சு. நோய் வாரதுக்கு உங்க காடு மாதிரி தோதான எடம் வேற எங்கயும் இல்லம்மா. காலைல பனி எறங்கி அப்படியே நிக்குதுல்லா!”

எப்புடி இருக்கும் எனக்கு? பொண்ணு பாக்க வந்துட்டு, உங்க பொண்ணு மாதிரி சீக்காளி இந்த ஜில்லாவுலயே இல்லைங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு தலைய ஆட்டிப்போட்டாரு. அவரு யாரு எது கேட்டாலும் தலைய ஆட்டுவாரு. என்னையக் கட்டிக்கிறியான்னு கேட்டப்பவும் அப்புடித்தான் ஆட்டியிருப்பாரு.

எனக்கும் ஒரு நெனப்பு இருந்துச்சு, பொய் சொல்லலை. எதுத்தாப்புல காடு என்ற ஓரகத்தி கருணாம்பாளது. எங்கூட்டுக்காரரு தம்பி பொண்டாட்டி. அவ காட்டுல ஒரு சோளக்கதிர் பெருசா வந்தாலும் தூக்கிட்டு ஊரு சுத்துவா. நம்ம காட்டுல ஆராய்ச்சிப் பண்ணை போர்டு நின்னா அவ மொகரை எப்புடிப் போவும்னு பாக்கோணும்னு ஆசை. சரின்னுட்டேன்.

புரட்டாசில வெதைச்சாங்க. எத்தனையோ ரகம் கண்ணு, ஒரு வரிசைக்கு ஒரு ரகம். ரோட்டோரத்துப் பாதில எல்லா ரகத்தையும் ஒருக்கா நட்டாங்க. அதே ரகங்களைத் தோப்பை ஒட்டின பின்னாடிப் பாதில மருக்கா ஒருக்கா. எதுக்கம்மணி ரெண்டு தடவைன்னு கேட்டேன். “ஒரு எடத்துல தப்பிச்சா அதிர்ஷ்டமா இருக்கலாம்மா. ரெண்டு எடத்துலயும் தப்பிச்சாத்தான் நம்பலாம்”ன்னுச்சு. சரி, படிச்ச புள்ள சொல்லுது. நடுவால நடுவால ஒரு நோஞ்சான் ரகத்தையும் நட்டாங்க. காத்துல நோய் வந்தா மொதல்ல அதுக்குத்தான் புடிக்குமாம். அதுல புடிச்சு அக்கம்பக்கம் பரவோணுமாம். வேணும்னே, கண்ணு! பந்தில காய்ச்சக்காரனைக் கூட்டியாந்து நடுவுல உக்கார வெக்கிற மாதிரி.

எதுக்கு இந்த வேலைன்னு கேட்டேன். மக்காச்சோளத்துக்கு வர்ற நோய் ஒண்ணா ரெண்டா? அடிச்சாம்பல்ல இலை வெளுத்துப் போவும். இலைக்கருகல்ல தீஞ்சு போவும். தண்டழுகல்ல நல்லா நிக்கற பயிரு பூவெடுத்தப்பறம் படுத்துக்கும். ஒண்ணைத் தாங்கற ரகம் இன்னொண்ணுல விழுந்துருமாம். மூணையும் தாங்கற ஒரு ரகம் வேணும் அந்தப் புள்ளைக்கு. கெடைச்சா அதை வெச்சுப் புது வெதை உண்டாக்கலாம், நம்மளை மாதிரி ஆளுங்க மருந்துக் கடைக்கு நடக்க வேண்டியதில்ல. “இந்த வெள்ளாமைல ஒண்ணாவது கெடைக்கலைன்னா எங்க திட்டத்தை மூடிருவாங்கம்மா. நான் பொட்டியக் கட்டிட்டு நாகர்கோயிலுக்கு வண்டி ஏற வேண்டியதுதான்”ன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. ஆனா கை அந்தத் தொப்பியப் போட்டுக் கசக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் என்ற கையப் புடிச்சு, “ஒரே ஒரு விசயம்மா. என்ன நடந்தாலும் பயிருக்கு மருந்து மட்டும் அடிச்சிராதிய”ன்னுச்சு. நான் ம்ம்னேன். ம்ம்னா சரின்னு அர்த்தமா? கேட்டேன்னு அர்த்தம்.

இந்த எடத்துல என்ற பையனைப் பத்தி உனக்குச் சொல்லோணும். பூபதி. வயசு முப்பத்திநாலு. தங்கமான பையன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான். பேச உட்டாத்தானேன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, அவரு கெடக்கறாரு. அவனை நான் மழைல நனைய உட்டதில்ல. இன்னைக்கும் அவனுக்குத் தண்ணி வெதுவெதுன்னு வெச்சுக் குடுக்கறது நான்தான். அப்பேர்ப்பட்ட பையனுக்குப் பொண்ணு கெடைக்கலை கண்ணு! விவசாயம்னா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. பன்னெண்டாவது பெயிலான புள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளை வேணுமாம். நான் ஜாதகத்தைத் தூக்கிட்டு ஏறாத படியில்ல. ராத்திரி சோறு போடறப்ப அவன் தலைல ஒண்ணு ரெண்டு நரைமுடி தெரியும். பாத்துட்டு நான் சமையக்கட்டுக்குள்ள போயி அழுவேன். அவனுக்குத் தெரியாது.

ஐப்பசில ஒரு வழி பொறந்துச்சு. தாராபுரத்துப் பக்கம் ஒரு பொண்ணு, மேகலான்னு பேரு. பால் சங்கத்துல வேலை. பால்ல தண்ணி கலந்திருக்குதா, வேற எதாச்சும் கலந்திருக்குதான்னு சோதிச்சுப் பாக்கற வேலை. ஜாதகம் பொருந்திருச்சு. கார்த்திகைல நாங்க உங்க ஊடு பாக்க வர்றோம்னு பொண்ணோட அப்பா போன் பண்ணிச் சொல்லிட்டாரு.

எங்க பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாது. ஊடு பாக்கறதுன்னா ஊட்டைப் பாக்கறதில்ல. நேரா காட்டுக்குத்தான் போவாங்க. கெணத்தை எட்டிப் பாப்பாங்க. கட்டுத்தரைல மாட்டை எண்ணுவாங்க. நிக்கற வெள்ளாமையத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. மாப்பிள்ளை மொகத்தைப் பாக்கறது காப்பி குடிக்கறப்பத்தான், அதுவும் டம்ளருக்கு மேல.

அவரு போன் வெச்ச ரெண்டாம் நாளு, ஜெசிந்தா ஆளுகளோட வந்து எறங்குது. சாக்கு சாக்காப் பொடி. என்ன பொடின்னு நெனைக்கற? நோய் வந்து காஞ்ச இலைய அரைச்ச பொடி! ஒவ்வொரு குருத்துலயும் ஒரு சிட்டிகை போட்டுட்டுப் போறாங்க, கோயில்ல துண்ணூறு குடுக்கற மாதிரி. பொழுதோட தண்ணியும் தெளிச்சாங்க, நல்லாப் புடிக்கட்டும்னு. இவ ரோட்டோரத்துல நோயை வெக்கிறா, அங்க சம்பந்தி காடு பாக்கக் கெளம்பறாரு!

ஒரு வாரத்துல அங்கங்க புள்ளி காமிக்க ஆரம்பிச்சுருச்சு. கருணாம்பா வரப்புல நின்னுக்கிட்டுக் கேக்கறா, “ஏனுங்க்கா, பயிருக்கு ஒடம்பு முடியலையா? ஆஸ்பத்திரில சேத்தறீங்களா, இல்ல ஊட்டுல வெச்சே பாத்துக்கறீங்களா?” பஸ்ஸுக்கு நிக்கற சனமெல்லாம் சிரிக்குது. லொள்ளு புடிச்சவ!

அன்னைக்கே போனேன் கடைக்கு. என்ன நோயிங்கன்னான் கடைக்காரன். எல்லா நோயும்ப்பான்னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னான். ஜெசிந்தா வர்றது செவ்வாயும் வெள்ளியும்தான். மத்த நாளு காடு என்றது. பூபதிதான் டேங்க்குல தண்ணி ஊத்திக் குடுத்தான். “அம்மா, வேண்டாம்மா, அந்தப் புள்ள பாவம்மா”ன்னான். உனக்குப் பொண்ணு வேணுமா வேண்டாமான்னு கேட்டேன். பையன் டேங்க் மூடியத் திருகிக் குடுத்தான். டேங்கை முதுகுல மாட்டி நானேதான் அடிச்சேன். மொளகாய்க்கு அடிக்கறதா எதுத்தாப்புலக்காரிகிட்டச் சொல்லிட்டேன். எங்க காட்டுல மொளகாயே இல்ல, அவ அதைக் கவனிக்கலை.

ரோட்டோரத்துப் பாதிக்கு மட்டுந்தான் அடிச்சேன். பின்னாடி யாரு போறா? தென்னை மறைச்சுக்குது. டேங்கைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க இந்த முட்டி கேக்காது. அதுவுமில்லாம மானம் போறது ரோட்டோரத்துலதானே? பின்னாடி போறதில்லையே.

பூவெடுக்கற சமயத்துல அடுத்த கூத்து. சொன்னேனே ஊசின்னு? பல்லுக் குத்தற குச்சி இருக்குதல்ல, ஓட்டல்ல டப்பால வெச்சிருப்பானே, அதுல பூஞ்சாணத்தை வளத்திக் கொண்டாந்துச்சு. தண்டுல சின்னதா ஓட்டை போட்டு ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி சொருகிட்டுப் போயிருச்சு. தண்டழுகல் வரோணுமாம். நான் அந்த ஸ்கூட்டர் திரும்பற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்பறம் முன்னாடிப் பாதில ஒரு குச்சி உடாமப் புடுங்கி, ஓட்டைல எல்லாம் மஞ்சளைக் கொழைச்சு அப்பிட்டேன். புள்ளைகளுக்குக் காயம் பட்டா நாம உட்டுருவமா?

ஏன் கண்ணு சிரிக்கற? சிரி சிரி. என்ற நெலமைல நீ இருந்திருக்கோணும்.

கார்த்திகைல பொண்ணூட்டுக்காரங்க வந்தாங்க, பொண்ணும் கூடவே. பொண்ணோட அப்பா ரோட்டுல நின்னு பாத்தாரு. மூணு வரிசை நடந்தாரு. இலையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “புள்ளையப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கறீங்க”ன்னாரு. நான் என்னமோ எனக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி, எல்லாம் பூபதி வேலைங்கன்னேன். வெள்ளாமையப் பொறுத்த வரைக்கும் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான். அப்பத்தான் அந்தப் பொண்ணு, நல்ல ஒசரம், கண்ணு ரெண்டும் துருதுருன்னு, “நான் பின்னாடி வரைக்கும் நடந்து பாத்துட்டு வரட்டுங்களா?”ன்னு கேக்குது. வேண்டாங் கண்ணு, சேறா இருக்கும்னேன். பரவால்லீங்கன்னு செருப்பைக் கழட்டிக் கைல எடுத்துக்கிச்சு. பூபதி பின்னாலயே போறான், தூக்குல போடக் கூட்டிட்டுப் போற மாதிரி மொகத்தை வெச்சுக்கிட்டு.

போனவங்க போனவங்கதான். காப்பி ஆறிப்போச்சு. நான் பஜ்ஜியத் திருப்பிப் போடறேன், கண்ணு பூராத் தோப்புப் பக்கமே இருக்குது. ஒரு வழியா வந்தாங்க. அவ கைல ஒரு கருகின இலை! தொலைஞ்சுதுடா சாமின்னு நெனச்சேன். அவ நேரா எங்கிட்ட வந்து, “அத்தை, உங்க பையனுக்குப் பொய் சொல்லவே வரலீங்க”ன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு. அப்பறம் அவங்கப்பாவைப் பாத்து, “எனக்குச் சம்மதம்ப்பா”ன்னுட்டா. அத்தைன்னு கூப்புட்டாளே, அப்பவே எனக்கு உசுரு வந்துருச்சு!

என்ன பொய்யி, என்ன உண்மை, எனக்கு ஒண்ணும் புரியலை. அங்க என்ன பேசினீங்கடான்னு பூபதியக் கேட்டா, “முன்னாடி மட்டும் எப்புடிப் பச்சையா இருக்குதுன்னு கேட்டா, சொல்லிட்டேன்”ங்கறான். பைத்தியக்காரன். நல்ல வேளை, அந்தப் புள்ள அதைக் காதுலயே வாங்கலை போல. பச்சையப் பாத்ததும் மனசு நெறைஞ்சு போயிருக்கும். பாலைப் பாத்தே தண்ணி எவ்வளவுன்னு சொல்லிருவாளாம், அப்பேர்ப்பட்டவளையே என்ற மருந்து கவுத்திப்போட்டுச்சு பாரு! இந்தக் கல்யாணம் நடந்தது யாரால? இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

சரி, அதை உடு. மார்கழி பொறந்ததும் ஜெசிந்தா மார்க்குப் போட வந்துச்சு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் மார்க்கு. இதுல ஒரு கூத்து, ஒம்பது வாங்கினா பெயிலு, ஒண்ணு வாங்கினாப் பாசு! ரோட்டோரத்துல ஆரம்பிச்சுச்சு. மொத வரிசைக்கு ஒண்ணு. ரெண்டாவதுக்கு ஒண்ணு. அடுத்ததுக்கு ரெண்டு. அப்பறமும் ஒண்ணு. புள்ளைக்கு மூச்சு வாங்குது சந்தோசத்துல. “அம்மா, இங்க பாருங்கம்மா, எல்லாம் தாங்கிட்டுதும்மா! இத்தனை கெடைக்கும்னு நான் நெனைக்கவேயில்லம்மா!” என்னையக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. எனக்குப் பெருமை தாங்கலை. எம் பயிராச்சே!

அப்பறம் அந்த நோஞ்சான் வரிசைக்கு வந்துச்சு. நின்னுச்சு. இலையத் திருப்புச்சு. குனிஞ்சு தண்டைப் பாத்துச்சு. அதுவும் கன்னுக்குட்டி மாதிரி கொழுகொழுன்னு நிக்குது. அடுத்த நோஞ்சான் வரிசைக்கு ஓடுச்சு. அதுவும் அப்புடித்தான். தண்டுல இருந்த மஞ்சளை வெரல்ல தொட்டுப் பாத்துச்சு. அப்புடியே வரப்புல உக்காந்துருச்சு கண்ணு. தொப்பி கீழ உழுந்தது கூடத் தெரியலை அதுக்கு.

வெயில் மண்டைல ஏறிருச்சுன்னு நெனச்சு ஓடிப்போயி மோர் கொண்டாந்தேன். குடிக்கலை. “யாரும்மா மருந்தடிச்சது?”ன்னுச்சு. நான்தான் அம்மணி, நான்தான் காப்பாத்தினேன், நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம், மோரைக் குடின்னேன். அது என்னையப் பாத்த பார்வை இருக்குதே! கோவமாப் பாத்திருந்தாப் பதிலுக்குப் பேசியிருப்பேன், பேசறதுக்கா தெரியாது? கோவமே இல்ல. “ஏம்மா, யாரு தாங்குதான்னு பாக்கத்தானம்மா நோயை உட்டேன். நீங்க எல்லாரையும் தாங்க வச்சிட்டியளே. இனி எதும்மா நெசமாத் தாங்கும்னு நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?” சொல்லிட்டு மொகத்தை மூடிக்கிட்டு அழுதுச்சு.

பயிரு நல்லா இருக்குதேன்னு அழற ஒரு சென்மத்தை அன்னைக்குத்தான் பாத்தேன். ஆனா கண்ணு, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பெத்தவங்க அத்தனை தூரத்துல இருக்கறாங்க. அந்த மொகம் செவந்து போயி, மூக்கை முந்தானைல கூடத் தொடைக்க முடியாம, அது போட்டிருந்தது பேண்டு. நான் என்ற முந்தானையக் குடுத்தேன். அதுக்கு மேல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

பூபதிதான் வந்து, “டாக்டர், பின்னாடிப் பாதில அம்மா கைய வெக்கலை”ன்னான். எந்திரிச்சு ஓடுச்சு பாரு! நானும் பின்னாலயே ஓடினேன், முட்டியாவது ஒண்ணாவது. அங்க பாத்தா, சாமி, சுடுகாடுதான். ஒண்ணு பாக்கியில்லாம வெளுத்து, கருகி, படுத்துக் கெடக்குது. அந்த நடுவால, கண்ணு, ஒரே ஒரு வரிசை. குச்சி சொருகினது சொருகினபடி இருக்குது, பொடி போட்ட குருத்து மேல ஏறி இலையாயிருச்சு, ரெண்டு பக்கமும் நோஞ்சான். அது பாட்டுக்கு நிமுந்து நிக்குது. நான் ஒண்ணுமே பண்ணலை அதுக்கு. ஒரு சொட்டு மருந்து காட்டலை. எனக்கு அது மேல கொஞ்சம் கோவம் கூட வந்துச்சு.

ஜெசிந்தா அதுக்குப் பக்கத்துல நின்னு சத்தமில்லாமச் சிரிச்சுச்சு, அழுதுக்கிட்டே. ஆனா ஒரு பாதிய மட்டும் வெச்சுக்கிட்டு இதுதான்னு சொல்ல முடியாதாம். மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்களாம். இன்னொரு வெள்ளாமை முழுசாப் பாத்தாகோணும், திட்டமோ பங்குனியோட முடியுது.

தைல கல்யாணம் ஆச்சு. ஜெசிந்தா வந்துச்சு, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, அடையாளமே தெரியலை. கல்யாணமான பத்தாம் நாளு என்ற மருமகளும் பையனும் அந்தப் புள்ளைய நடுவுல உக்கார வெச்சுக்கிட்டு அதோட பெரிய ஆபீசுக்கே போயிட்டாங்க. “எங்க காட்டுல கெட்டது, எங்க காட்டுலயே சரி பண்ணித் தர்றோம். இன்னொரு வெள்ளாமைக்கு உடுங்க”ன்னு பூபதி பேசினானாம். யாரு? என்ற பூபதி! கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கப் போனப்பக் கூட எந்தக் கலருன்னு என்னையத்தான் பாத்தான். ஆபீசுல நின்னு பேசிட்டு வந்திருக்கறான். மழைல நனைஞ்சுக்கிட்டு வேற வந்தான் அன்னைக்கு. ஒரு தும்மல் வரலை கண்ணு, பாரேன்.

உட்டுட்டாங்க, இந்த ஒரு வெள்ளாமைக்கு. இதான் கடைசி, இதுல தவறினாக் கெடையாதுன்னு சொல்லிட்டாங்களாம். “ஒரு சொட்டு மருந்து உழுவாது டாக்டர், அதுக்கு நான் பொறுப்பு”ன்னு மேகலா அடிச்சுச் சொல்லியிருக்கறா. புரட்டாசில மருக்கா வெதைச்சாச்சு. இப்ப முழங்கால் ஒசரம் நிக்குது, பாத்துக்கிட்டே இருக்கலாம்.

மருமக எப்புடியா? தங்கம். வாய் கொஞ்சம் நீளம், அது எனக்குந்தான். என்ற மேல அவ்வளவு பாசம். நாலு நாளாவே, “அத்தை, நீங்க ஓய்வே இல்லாம ஒழைக்கறீங்க. அண்ணியப் போயிப் பாத்து எத்தனை மாசமாச்சு? பேரனைக் கொஞ்சிட்டு வாங்க”ன்னு ஒரே பாட்டு. துணி அவளே மடிச்சு வெச்சா. முறுக்கு அவளே சுட்டா. பூபதி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்தி உட்டான். எந்த மாமியாருக்குக் கெடைக்கும் இப்புடி?

எத்தனை நாளா? ரெண்டு நாள்ல திரும்பலாம்னுதான் நான் சொன்னேன். “அவசரமே இல்லீங்கத்தை, நிதானமா மார்கழிக்கு வாங்க. அறுவடை சமயத்துல வந்தாப் போதும்”ன்னா.

மார்கழிக்கு.

இரு கண்ணு. இன்னைக்குத் திங்கள்தானே? நாளைக்குச் செவ்வாய். இது ஐப்பசி. அட கெரகமே! நாளைக்குப் பொடி போடற நாளு! நேத்தே சாக்கெல்லாம் வந்து எறங்கிருச்சே, நான் உரம்னு நெனச்சுட்டேன்! டேங்க்கு எங்கடான்னு போன வாரம் கேட்டதுக்கு ரிப்பேருக்குக் குடுத்திருக்கறேன்னான், புது டேங்க்கு கண்ணு அது! எங்கூட்டுக்காரரும் போயிட்டு வா, போயிட்டு வான்னு தலைய ஆட்டினாரே! ஊரை உட்டே தாட்டி உட்டுட்டாங்க. என்னைய முறுக்கைக் குடுத்துத் தாட்டி உட்டுட்டாங்க! நானும் உங்கிட்டப் பாசம் பாசம்னு பேசிக்கிட்டு வர்றேன்!

தம்பி! கண்டக்டர் தம்பி! வண்டிய நிறுத்து! ஸ்டாப்பு இல்லைன்னா என்ன, நிறுத்துப்பா! நான் திரும்பிப் போகோணும். விசிலு அடி! தள்ளிக்க கண்ணு, பையைக் குடு. என்ற காட்டுக்கு என்னையவே வரக்கூடாதுன்னு பண்ணிப்போட்டாங்களே! எறங்கறேம்ப்பா, கத்தாத, படி தெரியோணுமல்ல.

...

இரு தம்பி. ஒரு நிமிசம்.

கண்ணு, நான் எறங்கிப் போயி என்ன பண்ணுவேன்? நீ சொல்லு. போனா அடிப்பேன். அடிக்க மாட்டேன்னு உங்கிட்டச் சத்தியம் வேணாப் பண்ணுவேன். ஆனா மொதப் புள்ளி வந்ததும் அடிப்பேன். டேங்க்கு இல்லைன்னாச் சொம்புல ஊத்துவேன். எம் பயிரு கருகறதைப் பாத்துக்கிட்டு இந்தக் கை சும்மா இருக்காது, அது எனக்குத் தெரியும். அந்தப் புள்ள மருக்கா அந்த வரப்புல உக்காந்துச்சுன்னா? இந்தத் தடவை எந்திரிக்குமா? என்னால அதைப் பாக்க முடியாது கண்ணு. சத்தியமா முடியாது.

இல்ல தம்பி, எறங்கலை. வண்டிய எடு. ரைட், ரைட்! பைத்தியம்னே வெச்சுக்க, போ.

நகரு கண்ணு. பைல என்ற போன் கெடக்கும், எடுத்து நம்பரை அமுத்திக் குடு. மேகலான்னு இருக்கும் பாரு. அடிக்குதா?

அலோ, மேகலா. ஆமா, பஸ்ஸுலதான். உக்காந்துட்டேன், எடமெல்லாம் கெடைச்சுது. அதெல்லாம் இருக்கட்டும், எனக்குத் தெரிஞ்சு போச்சு. என்னத்தைன்னு கேக்கற? நடிக்காத. உரச் சாக்கு வந்துச்சல்ல, அதைத்தான். திட்டலை, திட்டலைடி, அழாத. கோபிக்குத்தான் போறேன். மார்கழிக்குத்தான் வருவேன். நான் சொல்றதை மட்டும் கேளு. அந்த ஜெசிந்தா புள்ளைக்கு நாளைக்கு மத்தியானம் சோறு போடு, வெறும் பிஸ்கோத்தைத் தின்னுட்டு நிக்கும். கருணாம்பா எதாச்சும் நொட்டை சொன்னா பதில் பேசாத, எனக்குப் போன் பண்ணு, நான் பேசிக்கறேன். நோஞ்சானுக்கு ரெண்டு சிட்டிகை எச்சாவே போடச் சொல்லு. குச்சிய நல்லா அழுத்திச் சொருகச் சொல்லு.

நான் வர்றப்ப ரோட்டோரத்துப் பாதி பூராவும் கருகிக் கெடக்கோணும், சொல்லிப்போட்டேன். அந்த ஒத்தை வரிசையத் தவிர.